மாக்கோலம் பூசிய மட்டை

வெள்ளிக்கிழமை வாசலுக்கென்று அத்தை அரைத்துக் கரைத்து வைத்திருந்த அரிசி மாவில் அரைக் கிண்ணம் குறைந்திருந்தது. பூனையைச் சந்தேகப்பட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சந்தேகப்பட்டார். கடைசியில் அவருடைய பேரன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

“நான்தான் அத்தை எடுத்தேன். மட்டைக்குப் பூசணும்.”

“ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்கேடா.”

நாற்பத்தேழு வயதுக்காரன், மே மாத வெயிலில், கோல்ஃப் மட்டையின் முகத்தில் மாக்கோலக் கரைசலைத் தடவிக் காயவைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கு என்ன பதில் சொல்ல? “ஒரு கணக்குப் பாக்கணும்” என்றேன். கணக்கு என்றால் எங்கள் வீட்டில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

எனக்கு கோல்ஃப் வந்தது வெளிநாட்டு வேலையோடு. மேலாளர் ஆடினார், அதனால் நாங்களும் ஆடினோம். மற்றவர்கள் ஓராண்டில் தேறினார்கள். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே பந்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்: நேரே கிளம்பும், பாதி வழியில் மனசு மாறி வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய் உட்காரும். ஸ்லைஸ் என்பார்கள். காசு கொடுத்து ஒரு பயிற்சியாளரிடம் போனேன். ஒவ்வொரு அடியிலும் மட்டை என் உள்ளங்கையில் திருகுவதை அவரும் பார்த்தார். “பிடி தளர்ச்சி. இறுக்கிப் பிடி” என்றார். இறுக்கினேன். உள்ளங்கை கொப்பளித்தது, முழங்கை வலித்தது, பந்து மரத்துக்குள்ளேயே போனது. பத்து வகுப்புக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரை. மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அதற்கு முந்தைய மாதங்களில் கொள்ளிடம் என்பது மணல்தான். ஓரத்தில் நாணல், நடுவில் எங்கோ ஒரு வாய்க்கால் அளவு நீர், மேயும் ஆடுகள். காலை ஐந்தரைக்கு ஆடுகளும் வந்திருக்காது. போன விடுமுறைக்கு டிரைவர் என்ற பெருந்தலை மட்டையையும் 7-ஆம் நம்பர் அயர்ன் என்ற உலோக மட்டையையும் இருபது பழைய பந்துகளையும் எடுத்துக்கொண்டு அங்கே இறங்கினேன்.

முதல் சிக்கல், பந்தை நிறுத்திவைக்கும் டீ என்ற மரக்குச்சி வறண்ட மணலில் நிற்கவில்லை. பேரன்தான் வழி கண்டுபிடித்தான். கையால் ஊற்றுத் தோண்டி, ஈர மணலைப் பிடித்துச் சின்னக் கோபுரம் வைத்து, உச்சியில் பந்தை உட்காரவைத்தான். அவனுக்குத் தெரியாது, கோல்ஃப் உலகமே முன்னர் அப்படித்தான் ஆடியது. ஆட்டக்களத்தில் பெட்டியில் மணலும் வாளியில் தண்ணீரும் இருக்கும், பிடித்துவைத்து அடிப்பார்கள். மரக்குச்சி டீக்கு 1899-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். அவருடைய கண்டுபிடிப்பு கொள்ளிடத்தில் எடுபடவில்லை, அவ்வளவுதான்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். மட்டையின் முகத்தில் மெல்லிசாக மாவைப் பூசிக் காயவிட்டால், பந்து பட்ட இடத்தில் மட்டும் மாவு உதிர்ந்து அச்சு விழும். ஊன்றிப் பார்த்தால் பந்தின் குழிகள்கூட, மாதுளை முத்து உதிர்ந்த தோலில் இருக்கும் அறைகளைப் போல, வரிசையாகப் பதிந்திருக்கும். பத்து பந்து அடித்தேன். மட்டையைத் திருப்பிப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. நடுவில் இரண்டே இரண்டு. நுனிப்பக்கம் இரண்டு. மீதி ஆறும் குதிப்பக்கம், அதாவது தண்டு வந்து தலையில் சேரும் பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாகத் தேன்கூடு போல அப்பிக்கிடந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் மட்டையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1950-ல் மெரியன் களத்தில் ஜெயித்த யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அடித்த 1-ஆம் நம்பர் அயர்ன் திருட்டுப்போய், பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதன் முகத்தில் சின்னக் காசு அளவுக்கு ஒரே இடத்தில்தான் தேய்மானம் இருந்ததாம். என்னுடையதை யாராவது திருடினால் முகம் முழுக்கத் தேய்ந்திருக்கும்.

மாமா குடையை ஊன்றிக்கொண்டு கரைமேல் நின்றார். அவர் ஐம்பது ஆண்டுகள் வயலில் நின்றவர். மட்டையைக் கையில் கொடுத்தேன், மாவு உதிர்ந்த இடங்களைக் காட்டினேன், உள்ளங்கையில் திருகுவதைச் சொன்னேன்.

“இதுக்கு ஏன் மாப்ள காசு குடுத்து ஆளப் பாத்தே? மம்முட்டி போடுறவன் யாரக் கேட்டாலும் சொல்லுவான். வரப்பு வெட்டுறப்ப வாய் நடுவுல கல்லு பட்டா ‘ணங்’குன்னு நிக்கும். ஓரத்துல பட்டா காம்பு கைய முறிக்கும். எறுக்கிப் புடிச்சா இன்னும் தோல் உரியும்.”

மம்முட்டி இலையின் மூலையில் கல் படுகிறது. எடை முழுவதும் நடுவில் இருக்கிறது. அது முன்னேறப் பார்க்கிறது. மூலை மட்டும் தடுக்கப்படுகிறது. இலை திரும்பாமல் என்ன செய்யும்? கோல்ஃபில் கல்லுக்குப் பதில் பந்து. தலையின் எடை மையத்துக்கு நேரே பட்டால் தலை வேகம் குறையும், அவ்வளவுதான். நுனியில் பட்டால் நுனி பின்வாங்கும், முகம் வலப்பக்கம் விரியும். குதியில் பட்டால் குதி பின்வாங்கும், முகம் இடப்பக்கம் மூடும். (எல்லாம் வலக்கைக்காரர் கணக்கு. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும், அவர்களுக்குப் பழக்கம்தானே.)

மாமாவின் மம்முட்டி சொல்லாத ஒன்று இருக்கிறது. அது நேரம். பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் 46 கிராம் பந்து நசுங்கி, நிமிர்ந்து, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடுகிறது. என்னைப் போன்ற சாதாரண ஆள் அடித்தாலே, அந்தக் கணத்தில் பந்தின்மேல் விழும் சராசரி விசை கிட்டத்தட்ட 600 கிலோ எடைக்குச் சமம். அறுபது கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை நெல். அவ்வளவும் தலையின் ஓரத்தில் விழுந்தால், முனையில் தலை தொங்கும் மெல்லிய தண்டை மேலே பிடித்திருக்கும் என் விரல் என்ன செய்துவிடும்? அடி பட்ட செய்தி கைக்கு ஏறி, கை இறுக்கி, அந்த இறுக்கம் தண்டு வழியே தலைக்கு இறங்குவதற்குள் பந்து போயே போய்விட்டது. நான் உள்ளங்கையில் உணர்ந்த திருகல், கல்யாணம் முடிந்தபின் வந்துசேர்ந்த பத்திரிகை. அதைப் பார்த்து ‘பிடி தளர்ச்சி’ என்று சொன்ன மனிதருக்குத்தான் நான் பணம் கட்டினேன்.

அப்படியானால் திருகலை எதனால் தடுப்பது? இங்கேயும் மாமாதான் கைகொடுத்தார். இளவயதில் அவர் சுவாமிமலைக்குப் பால்காவடி எடுத்தவர். “நேரா நடக்குறதுல ஒண்ணும் இல்ல மாப்ள. ரெண்டு பக்கமும் செம்பு தொங்குதுல்ல, படியில திரும்புறப்பதான் தெரியும். திருப்பவும் முடியாது, திரும்ப ஆரம்பிச்சா நிறுத்தவும் முடியாது.” அந்தக் கோயிலுக்கு அறுபது படி, தமிழ் ஆண்டுக்கு ஒன்று.

பதினொன்றாம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். அதே எடையை நடுவில் கட்டித் தூக்கினால் கழி லேசாகத் திரும்பும். இரண்டு முனையிலும் தொங்கவிட்டால் திருப்புவது பெரும்பாடு. தூரம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. கோல்ஃப் மட்டை செய்கிறவர்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் செய்ததெல்லாம் மட்டைத் தலைக்குக் காவடி கட்டியதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

முன்பு டிரைவர் தலை மரம். பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் பனிச்சைக்கும் கருங்காலிக்கும் பங்காளி. கட்டை மரம் என்பதால் எடை உள்ளே எங்கும் பரவிக்கிடக்கும். 1979-ல் டெய்லர்மேட் என்ற நிறுவனம் உலோகத்தில் டிரைவர் கொண்டுவந்தது. பின்னர் டைட்டானியம் வந்தது. உள்ளே வெற்றிடம், எடை முழுவதும் ஓட்டிலும் ஓரத்திலும். இப்போது தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, திருப்புத்திறன் 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதியே போட்டிருக்கிறார்கள். விட்டால் குடை அளவுக்குத் தலை செய்திருப்பார்கள்.

அத்தையின் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். தலை 200 கிராம், வேகம் நொடிக்கு 40 மீட்டர், பந்து பட்டது நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி. திருப்புத்திறன் 5,000 உள்ள இந்நாள் மட்டை, பந்து விலகுவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி திரும்புகிறது. பழைய மரத்தலைக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால் மூன்று டிகிரிக்கு மேல். பந்தின் வேகத்தில் முன்னதற்கு 3 சதவீதம் நஷ்டம், பின்னதற்கு 7. இது தாள் கணக்கு. ஓரத்தில் முகத்தின் துள்ளலும் குறையும் என்பதால் உண்மை நஷ்டம் இன்னும் கூடும். ஆனாலும் என் அப்பா காலத்து மட்டையோடு நான் ஆடியிருந்தால் பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் வேறு வேலையாகச் சுவாமிமலைக்குப் போனபோது 7-ஆம் நம்பர் அயர்ன் வண்டியிலேயே கிடந்தது. தெரிந்த ஸ்தபதி ஒருவரின் பட்டறையில் எடுத்துக் காட்டினேன். தலையை இரண்டு விரலில் ஏந்தி ஆட்டிப் பார்த்தார், பின்பக்கத்துக் குழியைக் கட்டைவிரலால் தடவினார். “முதுகுல சதையச் சுரண்டி ஓரத்துல ஏத்திட்டான்” என்றார். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. “மெழுகுலதான் பண்ணியிருப்பான்” என்றும் சொன்னார்.

மெழுகில்தான் பண்ணுகிறார்கள். சுவாமிமலையில் மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கோல்ஃப் அயர்ன் பெரும்பாலும் இதே வழிதான். வண்டலுக்குப் பதில் பீங்கான் குழம்பு. வார்ப்பு வந்ததால்தான் முதுகைக் குடைந்து ஓரத்தைக் கனமாக்குவது எளிதாயிற்று.

இந்த யோசனையின் தலைமகன் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்தவர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளர், வயதான பிறகே கோல்ஃபுக்கு வந்தவர். பந்தை உருட்டிக் குழியில் விடும் மட்டையின் பெயர் பட்டர் (எங்களூரில் பட்டர் என்றால் சாரங்கபாணி கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர், அது வேறு). அது ஓரத்தில் பட்டால் திருகுகிறது என்று கண்டு, எடையைக் குதிக்கும் நுனிக்கும் பிரித்து 1959-ல் ஒன்று செய்தார். அடித்தால் ‘பிங்’ என்று ஓசை வந்தது, அதுவே பெயராயிற்று. 1966-ல் அடுத்த பட்டரை ஓர் இசைத்தட்டின் உறையில் வரைந்தார். அதற்கு ‘ஆன்சர்’ என்று பெயர் சொன்னவர் மனைவி லூயிஸ். ஆங்கிலச் சொல் மட்டையில் பொறிக்க நீளம் என்றபோது ஓர் எழுத்தை எடுத்துவிடச் சொன்னவரும் அவரே. இன்றைக்கும் பாதிப் பட்டர்கள் அந்த வடிவத்தின் வாரிசுகள்.

மறுநாள் விடியலில்தான் இதில் சுவையான இடம் வந்தது.

நுனியில் பட்ட ஒரு பந்து. முகம் விரிந்ததால் வலப்பக்கம் கிளம்பியது. நாணலுக்குள் போகிறது என்று நினைத்தேன். பாதி தூரத்தில் இடப்பக்கம் வளைந்து, மாடு தொழுவத்துக்குத் திரும்புவது போல, ஆற்று நடுவுக்கே வந்து விழுந்தது. குதியில் பட்ட அடுத்த பந்து இதற்கு நேர்மாறு: இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது, வளைந்துகொண்டே போய் நாணலில் மறைந்தது.

மாமா குடையை மடக்கினார். “முகம் வலப்பக்கம் விரிஞ்சா பந்து வலப்பக்கம்தானே போவணும்? அது ஏன் திரும்பி வந்துச்சு?”

கரும்புச்சாறு வண்டியை நினைத்துப் பாருங்கள் என்றேன். இரண்டு உருளை, நடுவில் கரும்பு. ஒன்று வலமாகச் சுற்றினால் ஒட்டியிருக்கும் மற்றது இடமாகத்தான் சுற்றும். டிரைவர் தலையின் எடை மையம் முகத்துக்குப் பின்னால் மூன்று நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. நுனியில் அடிபட்டதும் தலை அந்த மையத்தைச் சுற்றி, மேலிருந்து பார்த்தால், கடிகாரத் திசையில் திரும்புகிறது. முகம் மையத்துக்கு முன்னால் இருப்பதால் பக்கவாட்டில் வலப்பக்கம் நகர்கிறது. அதில் ஒட்டி நசுங்கியிருக்கும் பந்தின் முதுகை அது கூடவே வலப்பக்கம் இழுக்கிறது. பந்து எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. அப்படிச் சுழலும் பந்தைக் காற்று இடப்பக்கம் தள்ளும். இதைப் பல்சக்கர விளைவு என்கிறார்கள். அந்த அரை மில்லி விநாடிக்குள் மட்டையும் பந்தும் இரண்டு பல்சக்கரங்கள்.

டிரைவர் முகம் தட்டையாக இருக்காது என்பதைக் கையில் பிடித்தவர்கள்கூடக் கவனிப்பதில்லை. குதியிலிருந்து நுனிவரை லேசாகத் தொப்பை போட்டிருக்கும்; 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வெட்டியெடுத்த துண்டு மாதிரி. நுனியில் பட்ட பந்தை அந்தத் தொப்பை வேண்டுமென்றே இன்னும் வலப்பக்கம் அனுப்புகிறது. ஏனென்றால் சுழற்சி அதைத் திருப்பிக் கொண்டுவரும் என்று செய்தவனுக்குத் தெரியும். மரத்தலை செதுக்கிய காலத்திலேயே இந்தத் தொப்பை வந்துவிட்டது. அயர்னில் எடை மையம் முகத்தை ஒட்டியே இருப்பதால் இந்தச் சக்கர வேலை மிகக் குறைவு, அதனால் முகமும் தட்டை. நுனியில் பட்டால் வலப்பக்கம் போய், தூரமும் குறைந்து, அங்கேயே கிடக்க வேண்டியதுதான். குதியையும் தாண்டித் தண்டு சேரும் குழாயில் பட்டால் பந்து செங்கோணமாக வலப்பக்கம் பாயும். அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆட்டக்காரர்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள், நம் பக்கம் இரவில் பாம்பைப் பூச்சி என்பது போல.

மேலும் கீழும்கூட இதே கதை. முகத்தின் மேற்பாதியில் பட்டால் தலை பின்னால் சாயும், பந்தின் பின்சுழற்சி குறையும். உயரமாகக் கிளம்பி நீளமாகப் போகும். அடிப்பாதியில் பட்டால் பின்சுழற்சி ஏறிப் பந்து காற்றில் ஊதிக்கொண்டு மேலேறி, பொத்தென்று விழும். எதிர்க்காற்றில் அடிவாய்ப் பந்து படும் பாடு சொல்லி மாளாது.

என் ஸ்லைஸுக்கு வருகிறேன். குதியில் ஆறு என்ற மாவுக் கணக்கு பாதி காரணத்தைக் காட்டிவிட்டது. அடிக்க இறங்கும்போது நான் கால்விரலில் ஏறிப் பந்தை நோக்கிச் சாய்கிறேன். அதனால் மட்டை வெளியே தள்ளிக் குதியில் வாங்குகிறது. வாங்கியதும் பல்சக்கரம் வலப்பக்க வளைவைக் கூட்டுகிறது. கொஞ்சம் தள்ளி நின்றேன், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தேன், குதிகாலை மணலில் அழுத்தினேன். நான்காம் நாள் பத்தில் ஐந்து நடுவில். மீதிப் பாதி காரணம் மட்டை குறுக்கே வெட்டுகிற என் வீச்சில் இருக்கிறது. அதற்கு மாவில் வைத்தியம் இல்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் மாமா தானே கேட்டார். “குடு, ஒண்ணு போட்டுப் பாக்குறேன்.” வேட்டியை மடித்துக் கட்டினார். பேரன் மணல் கோபுரம் பிடித்துவைத்தான். நான் நிற்கும் விதம் சொல்லப் போனேன், கையால் தள்ளிவிட்டார். மம்முட்டி ஓங்குவது போல ஓங்காமல், பக்கவாட்டில், அறுப்பு அறுக்கிற லாகவத்தில் ஒரு வீச்சு. ‘டக்’ என்று சத்தம். பந்து கிளம்பி, வளைந்து, எங்கோ போயிற்று.

“தாத்தா, அங்க! அங்க போவுது பாரு! பெரியப்பா, பந்து!” என்று பேரன் ஓடினான்.

மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மட்டையைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“குதி” என்றார். “மாவு இன்னும் இருக்கா?”